ஒத்தைக்கால் கரண்டிவாயன்

— அது நடக்குது அத்தே.

— எது?

— மெதுவா பேசுங்க. அப்பா ரூமுக்குக் கேட்டுடும்.

— மணி பன்னெண்டே முக்கால்டி. நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னாலும் எனக்கு ஆறு மணி ஷிஃப்ட். நடக்கட்டும், ஓடட்டும், பல்லாங்குழி ஆடட்டும். விடிஞ்சதும் சொல்லு.

— விடிஞ்சா நான் செத்தேன். அஞ்சரைக்கு முப்பத்தஞ்சு பேரு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கிட்டு குளத்துக்கு வராங்க.

— ஆமா, உங்கப்பனோட பறவைச் சங்கம். அவரு கண்டுபிடிச்ச பறவையைப் பாக்க வராங்க. அதுக்கு நீ ஏன்டி போர்வைக்குள்ள கிடந்து கட்டிலை ஆட்டுற? நான் நிலநடுக்கம்னுல்ல நெனச்சேன்.

— அந்தப் பறவை பறவையே இல்ல அத்தே.

— அய்யய்யோ. மறுபடியும் கவரா?

— கவர் இல்ல.

— சத்தியமா சொல்லு. மூணு வருஷத்துக்கு முன்னாடி அபூர்வமான நாரைன்னு பதினெட்டு பேரை இழுத்துக்கிட்டுப் போனாரு. எல்லாரும் மூச்சு விடாம பாக்கிறாங்க. ஒரு காத்து அடிச்சுது பாரு, நாரை உப்பிக்கிட்டு எழும்பிப் போய் கரண்டு கம்பியில மாட்டிக்கிச்சு. வெள்ளை பிளாஸ்டிக் கவர்.

— எனக்குத் தெரியும். நானும் அங்கதான் நின்னேன்.

— அன்னையில இருந்து கவர்காரர்னே பேரு வச்சுட்டாங்க. கண்ணாடிக் கடையில ஊருக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிற ஆளு தனக்கு ஒண்ணு தேய்ச்சுக்கக் கூடாதான்னு எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட்டு வரைக்கும் சிரிச்சாங்க. இன்னொரு தடவை அப்படி ஆச்சு, எங்கண்ணன் அந்த பைனாக்குலரைக் கையால தொட மாட்டாரு.

— அதான் அத்தே எனக்கும் பயம். அதான் தூக்கம் வரல.

— சரி சரி. அழாத. மூச்சை இழு. நிறுத்து. இப்ப விடு.

— நான் என்ன உங்க எக்ஸ்ரே பேஷண்டா?

— தினம் எண்பது பேருக்குச் சொல்ற வாயி, தானா வருது. சொல்லு. பறவை இல்லன்னா அது என்ன?

— நான் செஞ்சது.

— எதை?

— அதைத்தான். கரண்டிவாயனை. தெர்மாகோல்ல.

— ...

— அத்தே?

— இரு. மூச்சை நிறுத்தியிருக்கேன்.

— பிரிட்ஜ் வந்த பெட்டியில பெருசா ரெண்டு துண்டு இருந்துச்சு. அதை செதுக்கி, ஒட்டி, மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சு, போன சனிக்கிழமை சாயங்காலம் கொண்டு போய் குளத்துல நட்டுட்டு வந்தேன்.

— கொக்கு தலையில வெண்ணெய் வச்சு கொக்கைப் பிடிக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். தெர்மாகோல்ல கொக்கு செஞ்சு அப்பனைப் பிடிச்சவ உலகத்துல நீ ஒருத்திதான்டி.

— கொக்கு இல்ல, கரண்டிவாயன். கொக்குக்கு மூக்கு ஊசி மாதிரி இருக்கும். இதுக்கு நுனியில தட்டையா, கரண்டி மாதிரி.

— கரண்டி மாதிரி.

— ம்.

— உங்கம்மா ஒரு வாரமா ஒரு மரக்கரண்டியைத் தேடிக்கிட்டிருக்கா. என்னைக் கூட ஒரு மாதிரி பாத்தா. நான் எதுக்குடி அவ கரண்டியை எடுக்கப் போறேன்னு மனசுக்குள்ள ரெண்டு நாளா சண்டை போட்டுக்கிட்டிருக்கேன்.

— ஷூ பாலிஷ் போட்டு கறுப்பாக்கிட்டேன். நுனியில மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

— நல்லாத்தான் செஞ்சிருக்க. கால் எதுல செஞ்ச?

— அதை விடுங்க அத்தே.

— கால் எதுலடி?

— உங்க குடை.

— என் குடையா! திங்கக்கிழமை பஸ் ஸ்டாப்புல நனைஞ்சு போய் நின்னேன். குடையைத் திருடிட்டானுங்கன்னு அந்த டிக்கெட் கொடுக்கிறவனோட அரை மணி நேரம் சண்டை! பாவம், அந்தாளு தன் குடையையே என்கிட்ட நீட்டினான்!

— ஒரு கம்பிதான் எடுத்தேன். நடுக்கம்பி. மிச்சத்தை ஒளிச்சு வச்சிருக்கேன். ஒத்தைக் கால்தான் செஞ்சேன். கரண்டிவாயன் மணிக்கணக்கா ஒத்தைக் கால்ல நின்னு தூங்கும்னு அப்பாதான் சொல்லியிருக்காரு. அதான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அசையாம நின்னாலும் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

— கண்ணுக்கு என்ன வச்ச? இல்ல, வேணாம், சொல்லாத. என் சிவப்பு ஸ்வெட்டர்ல கடைசி பட்டன் எங்க போச்சுன்னு இப்பதான் புரியுது.

— பெரிய கரண்டிவாயனுக்கு கண்ணு சிவப்பாத்தான் இருக்கும்.

— என் சாமானெல்லாம் சேத்து ஒரு பறவை ஆயிருக்கு. அதுக்கு எக்ஸ்ரே எடுத்தா உள்ளே நான்தான் தெரிவேன் போல. எதுக்குடி இந்த வேலை? உங்கப்பன் மேல என்ன கோபம்?

— கோபம் இல்ல. தூக்கம்.

— என்னது?

— நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை நான் தூங்கினதே இல்ல அத்தே. நாலரை மணிக்கு எழுப்பி, அந்த டயர் குடோனுக்குப் பின்னாடி, சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற குளத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு. ஏழு வரைக்கும் நிப்போம். காக்கா பதினாலு, உள்ளான் மூணு, குறிச்சுக்கோ குட்டி. இதுக்குத்தான் நான் பொறந்தேனா?

— சொல்லிப் பாக்க வேண்டியதுதானே?

— எப்படிச் சொல்றது? ஒரே ஒரு தடவை கரண்டிவாயனைப் பாத்துட்டா போதும் குட்டி, அப்புறம் பைனாக்குலரை ஆணியில மாட்டிடுவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. குளிர் முடிஞ்சு பறவையெல்லாம் வடக்க திரும்பிப் போறப்ப, இந்த ரெண்டு வாரத்துலதான் நம்ம பக்கம் இறங்கும். விட்டா அடுத்த வருஷம். ஒவ்வொரு வருஷமும் விட்டுப் போச்சு. அதான், ஒண்ணைக் காட்டிட்டா கதை முடிஞ்சிடும்னு...

— ஞாயித்துக்கிழமை தூங்கலாம்னு.

— ஆனா அவரு அதைப் பாத்தப்போ, அத்தே... பாத்துக்கிட்டே இருந்தாரு. ரொம்ப நேரம். பைனாக்குலரை இறக்கி லென்ஸைத் தொடைச்சாரு. மறுபடியும் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. கண்ணு ஈரமா இருந்துச்சு. குறிச்சுக்கோ குட்டின்னு நோட்டைக் கொடுத்துட்டு திரும்பிக்கிட்டாரு. வீட்டுக்கு வர்ற வழி முழுக்க சீட்டி அடிச்சுக்கிட்டே வந்தாரு. எனக்கு அப்படியே தண்ணிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

— உடனே சங்கத்துக்கு தண்டோரா போட்டிருப்பாரே.

— இல்ல. அதான் ஆச்சரியம். ஞாயிறு, திங்கள், செவ்வாய் யாருக்கும் மூச்சு விடல. புதன்கிழமைதான் தலைவருக்கு போன் போட்டாரு. தலைவர் நாளைக்கு எல்லாரையும் கூட்டிட்டு வராருன்னு இன்னைக்கு மத்தியானம்தான் எனக்கே தெரியும்.

— கவர்ல பட்ட சூடு. இந்தத் தடவை நல்லா உறுதி பண்ணிக்கிட்டு சொல்லியிருப்பாரு. பட்டறிவு.

— என்ன உறுதி பண்றது? தெர்மாகோல் தெர்மாகோல்தானான்னா? அது மட்டுமில்ல, அன்னைக்கு பென்சில்ல எழுதச் சொன்னாரு.

— அதுல என்ன இருக்கு?

— நோட்டுல எப்பவும் பேனாதான். பாத்தது நிச்சயம்னா பேனா, சந்தேகம்னா பென்சில். அது சங்கத்து வழக்கம். கரண்டிவாயன் ஒண்ணு, ஆறு மணி பத்து நிமிஷம்னு பென்சில்ல எழுத வச்சாரு. நோட்டு பனியில நனைஞ்சிருந்துச்சே, பேனா சரியா ஓடாதுன்னு சொன்னாரோன்னு நெனச்சேன்.

— சரி, கதையைச் சுருக்கு. எழுந்திரு. டார்ச்சை எடு. போய் அந்தக் குடைக்கம்பியைப் பிடுங்கிக்கிட்டு வந்துடலாம். அதைப் பிடுங்கிட்டா யார் கண்ணுல என்ன படும்?

— பிடுங்கிட்டேன்.

— எப்போ?

— இன்னைக்கு சாயங்காலம். கட்டிலுக்கு அடியில இருக்கு.

— எந்தக் கட்டிலுக்கு?

— உங்க கட்டிலுக்கு.

— அதானே பாத்தேன். ராத்திரி படுத்ததுல இருந்து ஒரே சாக்கடை நாத்தம். என் காலுதான் நாறுதுன்னு ரெண்டு தடவை எழுந்து போய் சோப்பு போட்டுக் கழுவிட்டு வந்தேன்டி! எடு, வெளிய எடு. பாப்போம்.

— இந்தாங்க. மூக்கைப் பிடிக்காதீங்க, கழண்டுடும்.

— அடி ஆத்தி.

— என்ன?

— நல்லாத்தான்டி இருக்கு. மூக்கும் முழியுமா. இந்த பட்டன் ஸ்வெட்டர்ல இருந்ததை விட இதுலதான் எடுப்பா இருக்கு. சரி, பறவை வீட்டுல. பிரச்சினை முடிஞ்சது. நாளைக்கு வந்து பாப்பாங்க. இல்ல. பறவைன்னா பறக்கும், பறந்து போச்சு. கொஞ்சம் சிரிப்பாங்க. வெறும் தண்ணியைப் பாத்து சிரிச்சா ஒரு நாள் சிரிப்பாங்க. தெர்மாகோலைப் பாத்து சிரிச்சா ஏழு தலைமுறைக்கு சிரிப்பாங்க. நீ பண்ணினது புத்திசாலித்தனம். படு.

— முடியல அத்தே. நான் முதல்ல சொன்னது.

— என்ன சொன்ன?

— அது நடக்குது.

— ஒத்தைக் கால்ல எப்படிடி நடக்கும்? நொண்டி அடிச்சுக்கிட்டா?

— சிரிக்காதீங்க. நான் நட்டது நடுத்தண்ணியில. முழங்கால் அளவு தண்ணி, கரையில இருந்து பாத்தா நேரா தெரியும். இன்னைக்கு எடுக்கப் போனா அங்க இல்ல.

— தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்.

— அது ஆறா அத்தே? குளம். தேடிக்கிட்டே போறேன், நாணலுக்குப் பின்னாடி நிக்குது. இருபது அடி தள்ளி. நேரா. என்னையே பாத்துக்கிட்டு.

— காத்து தள்ளியிருக்கும்.

— காத்து தள்ளினா சாஞ்சு கிடக்கணும். இது நிக்குது. காலைச் சுத்தி கல்லு வச்சிருக்கு. எண்ணிப் பாத்தேன், ஆறு கல்லு. நான் ஒரு கல்லு கூட வைக்கல. சும்மா சேத்துல சொருகிட்டு வந்தேன். இன்னைக்குப் பிடுங்கவே வரல.

— அப்போ அது தானா நடந்து போய், கல்லு பொறுக்கி, அஸ்திவாரம் போட்டு நின்னுச்சுங்கிற. வாடகைக்கு ஆள் வச்சிருக்கா பாத்தியா?

— நான் பிடுங்கும்போது பின்னாடி நாணலுக்குள்ள இருந்து பெருசா ஒண்ணு படபடன்னு எழும்புச்சு. வெள்ளையா. என் தலைக்கு மேலயே போச்சு. காத்து முகத்துல அடிச்சுது. நான் திரும்பியே பாக்கல. ஒரு செருப்பு இன்னும் அங்கதான் இருக்கு.

— கவர்.

— அத்தே!

— கவர்தான். உங்க குடும்பத்துக்கும் வெள்ளை கவருக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை.

— நம்ம குடும்பம்.

— என்னைச் சேக்காத. நான் எலும்பை மட்டும்தான் நம்புவேன்.

— அப்போ இதைக் கேளுங்க. மத்தியானம் அப்பா தலைவர்கிட்ட போன்ல பேசினாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன். நேத்து ஆறே காலுக்கு தண்ணியில மூக்கை வச்சு இப்படியும் அப்படியும் அலசிச்சாம். ஒரு மீனைப் பிடிச்சு முழுங்குச்சாம். அப்புறம் கரைக்கு வந்து காலைத் தூக்கி தலையைச் சொறிஞ்சுச்சாம்.

— சரி, அதனால?

— ஒரு காலைத் தூக்கி தலையைச் சொறியணும்னா நிக்கிறதுக்கு இன்னொரு கால் வேணும் அத்தே. நான் ஒண்ணுதான் செஞ்சேன்! இப்ப சொல்லுங்க.

— இந்த மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பி வை. என்னைப் பாக்குது.

— உங்களுக்கும் பயம் வந்துடுச்சு!

— பயமில்ல. பட்டன் என்னோடதுன்னு ஒரு உரிமையில பாக்குது. அவ்வளவுதான். இதோ பாருடி, யோசிப்போம். ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு, இந்த பிரிட்ஜ் பெட்டிக்கு உயிர் வந்து மீன் தின்னுருக்கு. இல்லன்னா...

— இல்லன்னா அப்பா பொய் சொல்றாரு.

— ம்.

— அதைத்தான் அத்தே என்னால தாங்க முடியல. பேயா இருந்தாக் கூடப் பரவால்ல. பேய்க்கு ஏதாவது பண்ணிக்கலாம். ஆனா அப்பா... அந்த ஆளுங்க முன்னாடி ஒரு தடவை தலை நிமிந்து நிக்கணும்னு, நான் வச்ச பொம்மையைப் பாத்துட்டு, அது மீன் பிடிச்சுச்சு, தலை சொறிஞ்சுச்சுன்னு... அவரு அப்படிப் பண்ணினா அதுக்கு நான்தானே காரணம்? நான்தானே அவரைப் பொய்யனாக்கினேன்?

— ஏய். இங்க வா. வா இப்படி. உங்கப்பனுக்குப் பொய் வராதுடி. எட்டாங்கிளாஸ்ல லீவு லெட்டர்ல வயித்துவலின்னு எழுதிக் குடுடான்னு கூட்டாளி சொல்லிக் குடுத்திருக்கான். இவரு என்ன எழுதினாரு தெரியுமா? 'எனக்கு வயித்துவலி இல்லை, கணக்குப் பரீட்சை இருக்கிறது, எனவே விடுப்பு வேண்டும்.' அந்த ஆளு போய் மீன் கதை கட்டுவாரா?

— அப்போ பேயா?

— பேயும் இல்ல. கண்ணுதான் மங்கிடுச்சோ என்னமோ. ஆசை கண்ணை மறைக்கும். வேணும் வேணும்னு பாத்தா பொம்மையும் தலை சொறியும். எங்க ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க எலும்பு உடையலைன்னு படத்தைக் காட்டினாலும், இதோ கோடு தெரியுதேம்மான்னு விரல் வச்சுக் காட்டுவாங்க. உங்க தலைவரே போன மாசம் வந்தாரு. விலா எலும்புக்கு. மூச்சை நிறுத்துங்கன்னா நிறுத்த மாட்டாரு, பேசிக்கிட்டே இருக்காரு. மூணு படமும் மங்கல். அந்தாளுக்கு உள்ளே இருக்கிறதே தெளிவாத் தெரியல, தண்ணிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்ன தெரியப்போகுது?

— அப்போ நாளைக்கு?

— நாளைக்கு ஒண்ணும் இருக்காது. வெறும் தண்ணி. எங்கண்ணன் தலை குனிவாரு. நம்ம ரெண்டு பேரும் வாயைத் தைச்சுக்கணும். சாகுற வரைக்கும்.

— எனக்கு அவர்கிட்ட சொல்லிடணும் போல இருக்கு.

— சொல்லி? உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணான்னு ஆயிடும். வேணாம். அய்யய்யோ, வெளிய லைட்டு போடுறாங்க. அதை மறை! மறை!

— எங்க மறைக்கிறது?

— என் போர்வைக்குள்ள கொடு. மூக்கு, மூக்கு வெளிய தெரியுது, இழுடி!

— பாப்பா, குட்டி, ரெண்டு பேரும் தூங்கலையா? கிசுகிசுன்னு சத்தம் கேட்டுச்சு.

— இல்லண்ணா. இவளுக்கு கணக்குல ஒரு சந்தேகமாம்.

— உனக்குக் கணக்கு வருமா பாப்பா?

— வராது. அதான் சந்தேகம் தீரல.

— என்ன அது, ஒரே சேத்து வாசனை. குளத்துக்கரை மாதிரி.

— அது பாத்ரூம் குழாய் அடைச்சிருக்குண்ணா. ரெண்டு நாளா.

— அது என்ன போர்வைக்குள்ள, அவ்வளவு உயரமா?

— முட்டி வலி. தலையணை வச்சிருக்கேன்.

— தலையணைக்கு மூக்கு... சரி விடு. நான் கொஞ்சம் உக்காரட்டுமா? தூக்கம் வரல.

— உக்காருங்கப்பா. இங்க உக்காருங்க. அங்க வேணாம், இங்க.

— எட்டரைக்கு குளத்துக்குப் போயிட்டு வந்தேன் குட்டி. டார்ச் எடுத்துக்கிட்டு. நாளைக்கு இத்தனை பேரு வராங்களேன்னு மனசு கேக்கல.

— போனீங்களா? என்... என்ன பாத்தீங்க?

— ஒண்ணைக் காணோம்.

— ஒண்ணைன்னா?

— ரெண்டு இருந்துச்சு.

— அண்ணா, என்ன சொல்றீங்க? ரெண்டு என்ன?

— கரண்டிவாயன்தான் பாப்பா. முதல்ல ஒண்ணுதான் இருந்துச்சு, ஞாயித்துக்கிழமை. அது பாவம், நகராது. அசையாது. நின்ன இடத்துலயே நிக்கும். செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கூட்டம் வடக்கப் பாத்துப் போச்சு. இருபது இருக்கும். உயரத்துல. கீழ இறங்கவே இல்ல, நம்ம குளத்தை எல்லாம் அதுங்க மதிக்கவே மதிக்காது. போயிடுச்சுன்னு நானும் பைனாக்குலரை இறக்கிட்டேன். பாத்தா, ஒண்ணு மட்டும் பிரிஞ்சு, ஒரு வட்டம் அடிச்சு, இன்னொரு வட்டம் அடிச்சு, நேரா அது பக்கத்துல வந்து இறங்குச்சு.

— நிஜமாவாப்பா?

— பேனாவுல எழுதியிருக்கேன், வேணும்னா நோட்டைப் பாரு. அன்னையில இருந்து அதை விட்டு நகரல. இரை தேடப் போகும், திரும்பி வந்து ஓரமா நிக்கும். மீன் பிடிச்சா கூட அது பக்கம் போய் நின்னுதான் முழுங்கும். இது ஒண்ணும் பதில் சொல்லாது. அதுக்கும் அதுல ஒண்ணும் வருத்தமில்ல. நாலு நாளா ரெண்டும் அப்படியே நிக்குதுங்க.

— அய்யோ.

— என்ன குட்டி?

— ஒண்ணுமில்லப்பா. கொசு.

— இன்னைக்கு ராத்திரி போய் பாக்கிறேன், அந்த நகராததைக் காணோம். இன்னொண்ணு தண்ணியைச் சுத்திச் சுத்தி வருது. எழும்புது, ஒரு வட்டம் அடிக்குது, மறுபடியும் அதே இடத்துல இறங்குது. தேடுது. நான் நின்ன அரை மணி நேரத்துல நாலு தடவை. இனிமே அதுக்கு இங்க என்ன வேலை? விடிஞ்சதும் வடக்கப் போயிடும். தலைவர் வந்து இறங்கும்போது வெறும் தண்ணியும் நானும்தான் நிப்போம்.

— நாய் கீய் தூக்கிட்டுப் போயிருக்குமோ அண்ணா, அந்த... நகராததை?

— இருக்கலாம். ஆனா நாய்க்கு எதுக்கு ஒரு செருப்பை விட்டுட்டுப் போகணும்? அது கிடக்கட்டும். சங்கத்துல ஒண்ணுன்னுதான் சொல்லியிருக்கேன். பாத்தது ஒண்ணுதானே. மத்ததைக் கணக்குல சேக்கக் கூடாது. சரி, நான் போய் படுக்கிறேன். நாலரைக்குத்தான் எந்திரிப்பேன். நீங்களும் தூங்குங்க. கணக்கு எங்கயும் ஓடிப் போகாது.

— சரிங்கப்பா.

— போயிட்டாரா?

— லைட்டு அணைஞ்சிடுச்சு.

— மூச்சை இழு. நிறுத்து.

— எனக்கு விடவே தெரியல அத்தே. தலைக்கு மேல பறந்தது கவர் இல்ல! நிஜம்! நிஜமான கரண்டிவாயன்! நான் அது கண்ணு முன்னாடியே அதோட ஜோடியைப் பிடுங்கிக்கிட்டு ஓடி வந்திருக்கேன்!

— ஜோடி! என் குடைக்கம்பி மேல ஆசைப்பட்டு இருபது பேரு குடும்பத்தை விட்டு இறங்கி வந்திருக்கு. எனக்குக் கூட இப்படி யாரும் வந்ததில்லடி.

— அது இன்னும் தேடிக்கிட்டே இருக்கும் அத்தே. இந்த இருட்டுல. விடியறதுக்குள்ள இதைத் திரும்பக் கொண்டு போய் நட்டாதான் அது இருக்கும். அது இருந்தாதான் அப்பா...

— பேசிக்கிட்டே இருக்காம பேண்ட்டை மடிச்சு விடு. டார்ச் எங்க?

— நீங்களும் வரீங்களா? உங்க ஷிஃப்ட்டு?

— எலும்பு ஒரு நாள் காத்திருக்கும். ஒடைஞ்சது ஒடைஞ்சதுதானே, ஓடவா போகுது? தூக்கு அதை. கழுத்தைப் பிடிக்காத, இடுப்பைப் பிடி. பட்டன் பத்திரம்.

— அத்தே, எங்க நடுறது? நான் முதல்ல வச்ச நடுத்தண்ணியிலயா?

— லூசு. அங்க வச்சா முப்பத்தஞ்சு டெலஸ்கோப்புக்கும் உங்கம்மா கரண்டிதான் முதல்ல தெரியும். அந்தப் பறவைக்கு மட்டும் தெரியணும், ஆளுங்களுக்குத் தெரியக் கூடாது.

— அப்போ அது தானா நடந்து போன இடம். நாணலுக்குப் பின்னாடி.

— மறுபடியும் நடந்துச்சுங்கிற பாரு. எனக்கு முதுகு சில்லுங்குது. நிஜப் பறவை சரி, அது மீன் பிடிச்சுச்சு, தலை சொறிஞ்சுச்சு, எல்லாம் சரி. இது எப்படிடி இருபது அடி நகந்துச்சு? கல்லை யாரு வச்சா?

— அதான் அத்தே எனக்கும் புரியல.

— கதவை மெதுவா திற. கீச்சுங்காம.

— குட்டி.

— அய்யோ, அப்பா! நீங்க... நீங்க இருட்டுல ஏன் உக்காந்திருக்கீங்க?

— நாணலுக்குப் பின்னாடியே நடு குட்டி. கல்லு மட்டும் இன்னும் நாலஞ்சு சேத்து இறுக்கு. அன்னைக்கு அவசரத்துல எனக்கு ஆறுதான் கிடைச்சுது.